பொய் சொல்லத் தெரிந்த பெண்: 'தி க்ரூயல் பிரின்ஸ்' நாவலும் அதன் பின்னணியும்

ஹாலி பிளாக் எழுதிய 'தி க்ரூயல் பிரின்ஸ்' 2018 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்காவில் பதின்பருவத்தினருக்கென்றே தனியாகப் பதிப்பிக்கும் வகையைச் சேர்ந்த நாவல், மூன்று பாகத் தொடர் ஒன்றின் முதல் பாகம். கொடூரமான ஓர் இளவரசன், அவனை அடியோடு வெறுக்கும் ஒரு பெண், போகப்போகக் காதலாகத் திரும்பும் வெறுப்பு. புத்தகத்தைப் பரிந்துரைக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காதல் இருக்கிறது, ஆனால் நாவலின் உயிர் அங்கே இல்லை. பெற்றோரைக் கொன்றவன் வீட்டிலேயே வளர்ந்து, அவனிடமே வாள் பிடிக்கக் கற்று, அவனை முழுதாக வெறுக்கவும் முடியாமல் மனம்விட்டு நேசிக்கவும் முடியாமல் தவிக்கும் ஒரு பெண்ணின் கதை இது. அவளைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் அவளைவிட அழகானவர்கள், வலியவர்கள், சாவு எளிதில் நெருங்காதவர்கள். அவர்களிடம் இல்லாத ஒன்றே ஒன்று அவளிடம் இருக்கிறது. அவளால் பொய் சொல்ல முடியும்.

அந்த ஒரு விஷயத்தின் பூர்விகம் தெரிந்தால் நாவல் இன்னும் நன்றாகப் பிடிபடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். முடிவு வரை பேசப்போகிறேன். கதை தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வரலாம்.

முதலில் கதையின் தொடக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏழு வயது ஜூட் கூடத்தில் உட்கார்ந்து, மைக்ரோவேவில் சுட வைத்து நமத்துப்போன மீன் துண்டுகளைக் கெட்சப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள். இரட்டைச் சகோதரி டேரின் அரைத் தூக்கத்தில் இருக்கிறாள். வாசலில் நீண்ட கறுப்புக் கோட்டு போட்ட ஒருவன் வந்து நிற்கிறான். அவன் பெயர் மேடாக். ஃபேரிகளின் மாமன்னனுக்குப் படைத்தளபதி. ஜூடின் அம்மா ஒரு காலத்தில் அவன் மனைவியாக இருந்தவள். தான் செத்துவிட்டதாக அவனை நம்பவைத்து, வயிற்றில் அவன் குழந்தையோடு மனித உலகத்துக்கு ஓடிவந்தவள். அந்தக் குழந்தைதான் மூத்தவள் விவியன். சில நிமிடங்களில் ஜூடின் அம்மாவும் அப்பாவும் வெட்டுப்பட்டுச் சாகிறார்கள். மேடாக் தன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மனைவி பெற்ற பிள்ளைகள் தன் பொறுப்பு என்று மூவரையும் ஃபேரிகளின் எல்ஃபேம் நாட்டுக்குக் கொண்டுபோகிறான். கொன்றதும் அவன் முறைப்படி சரி, வளர்ப்பதும் அவன் முறைப்படி சரி. இந்த இரண்டும் ஒரே மனதில் எப்படி இருக்க முடியும் என்பதுதான் நாவல் கடைசிவரை நம்மை உறுத்தும் கேள்வி.

இங்கே ஃபேரி என்பதைச் சிறகு முளைத்த குட்டி தேவதையாகக் கற்பனை செய்துகொண்டால் எதுவும் புரியாது. பூவில் உட்கார்ந்து மந்திரக்கோல் ஆட்டும் உருவம் பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஓவியங்களும் குழந்தைப் புத்தகங்களும் பரப்பியது. 1917-இல் யார்க்‌ஷயரின் காட்டிங்லி கிராமத்தில் எல்சி ரைட், ஃபிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்ற இரண்டு பெண் பிள்ளைகள் அட்டையில் வெட்டிய தேவதை உருவங்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். அதை ஆர்தர் கானன் டாய்ல் நிஜம் என்று நம்பி 1922-இல் புத்தகமே எழுதினார். அவர் நம்பியது எப்படி என்பது தனிக் கதை. அந்தப் படங்களில் இருந்தவை ஏற்கெனவே அழகாக்கப்பட்ட, பல் பிடுங்கப்பட்ட ஃபேரிகள்.

அதற்கு முன்னால் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மக்கள் ஃபேரிகளைப் பெயர் சொல்லி அழைக்கவே பயந்தார்கள். 'நல்லவர்கள்', 'நல்ல அண்டைவீட்டார்' என்று இதமாகக் குறிப்பிடுவார்கள், காதில் விழுந்துவிட்டால் கோபம் வந்துவிடுமே என்று. ஸ்காட்லாந்தின் அபர்ஃபாய்ல் ஊரில் பாதிரியாராக இருந்த ராபர்ட் கிர்க் 1691–92 வாக்கில் இவர்களைப் பற்றி ஒரு கைப்பிரதி எழுதினார். மனிதனுக்கும் தேவதூதனுக்கும் இடைப்பட்ட பிறவிகள், அடர்ந்த மேகம் போன்ற உடல், அவர்களுக்கும் தலைவர்களும் சட்டங்களும் உண்டு என்றெல்லாம் அதில் இருக்கிறது. கிர்க் 1692-இல் இறந்தார். அவர் சாகவில்லை, ஃபேரிகள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஊரில் பேச்சு நிலைத்துவிட்டது. அந்தக் கைப்பிரதி 1815-இல்தான் அச்சேறியது.

இதெல்லாம் சும்மா கதைதானே என்று ஒதுக்கவும் முடியாது. 1895-இல் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பாலிவாட்லி என்ற இடத்தில் பிரிஜட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் நோய்வாய்ப்பட்டாள். வீட்டில் படுத்திருப்பது தன் மனைவியே இல்லை, ஃபேரிகள் அவளைக் கடத்திவிட்டுப் போலி ஒருத்தியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி அவள் கணவன் மைக்கேல் கிளியரி அவளை எரித்தான். திட்டமிட்ட கொலை என்று ஆகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக 20 ஆண்டு தண்டனை பெற்று 15 ஆண்டுகள் சிறையில் இருந்தான். உறவினர்களும் அண்டைவீட்டாரும் கூடியிருந்த வீட்டில் நடந்த கொடுமை அது. அந்த அச்சத்தின் கனம் ஹாலி பிளாக்குக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவருடைய எல்ஃபேம் அழகான இடம்தான். ஆனால் அங்கே ஒரு மனிதக் குழந்தை எந்த நேரத்திலும் யாருடைய விளையாட்டுக்காகவும் சாகலாம். ஒன்பது வயதில் மேடாக்கின் காவலாளி ஒருவன் ஜூடின் மோதிர விரல் நுனியைக் கடித்துத் தின்றுவிடுகிறான். இதை அவள் ஏதோ மழை பெய்தது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறாள். அந்தச் சாதாரணத் தொனிதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சரி, பொய்க்கு வருவோம். ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது என்பது இன்று இவ்வகை நாவல்களில் எழுதாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. சிலர் இதை நவீன எழுத்தாளர்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறார்கள். வேர் மிகப் பழையது. வேல்ஸ் நாட்டில் பயணம் செய்த ஜெரால்ட் என்ற குருமார் 1191 வாக்கில் எழுதிய பயண நூலில் எலிடோர் என்ற சிறுவனின் கதை வருகிறது. ஆசிரியரின் அடிக்குப் பயந்து ஆற்றங்கரைப் பொந்தில் ஒளிந்துகொண்ட அவனை இரண்டு குட்டை மனிதர்கள் பூமிக்கு அடியில் இருக்கும் ஒளி மங்கிய நாட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். அந்த நாட்டார் சத்தியம் செய்வதே இல்லை. பொய்யைப்போல வேறெதையும் வெறுப்பதில்லை. மனிதர்களின் பேராசையையும் நம்பிக்கைத் துரோகத்தையும் இகழ்ந்து பேசுகிறார்கள். எலிடோர் அம்மாவின் பேச்சைக் கேட்டு அங்கிருந்து ஒரு தங்கப் பந்தைத் திருடிக்கொண்டு ஓடிவருகிறான். வீட்டு வாசலில் கால் தடுக்கி விழ, துரத்தி வந்தவர்கள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அதன் பிறகு எவ்வளவு தேடியும் அந்த வழி அவனுக்குத் திறக்கவில்லை.

இன்னொன்று, தாமஸ் தி ரைமர் கதைப்பாடல். ஸ்காட்லாந்தின் எர்சில்டவுன் ஊர்க்காரன் தாமஸை ஃபேரி ராணி ஏழு ஆண்டுகளுக்குக் கூட்டிப்போகிறாள். வழியில் கூலியாக ஓர் ஆப்பிளைக் கொடுக்கிறாள். தின்றால் பொய்யே சொல்லாத நாக்கு கிடைக்கும். தாமஸுக்குச் சந்தோஷம் வர வேண்டும், இல்லையா? வரவில்லை. என் நாக்கு என்னுடையது, இந்த வரத்தை வைத்துக்கொண்டு நான் சந்தையில் எதை வாங்குவது, எதை விற்பது, பிரபுக்களிடம் எப்படிப் பேசுவது என்று பதறுகிறான். எனக்கு இந்தப் பாடலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உண்மை மட்டுமே பேசும் நாக்கோடு மனிதர்கள் நடுவில் பிழைக்க முடியாது என்பது அந்தக் கிராமத்துப் பாடகர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இந்தப் பழங்கதைகளில் பொய் மனிதனின் இழிவு, அல்லது அவனுடைய பிழைப்பு. 'தி க்ரூயல் பிரின்ஸ்' இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போகிறது. பொய் சொல்ல முடியாதவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சொல்லாமல் விடுவது, பாதி சொல்வது, கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வது, உண்மையான சொற்களை வரிசை மாற்றி அடுக்கி எதிராளியையே தவறாகப் புரிந்துகொள்ள வைப்பது என்று ஃபேரிகளுக்கு நூறு வழி. ஒவ்வொரு உரையாடலிலும் எதைச் சொன்னார்கள் என்பதைவிட எதைத் தவிர்த்தார்கள் என்று கவனிக்க வேண்டியிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் படிக்கும் கவனத்தோடு படிக்க வேண்டிய உரையாடல்கள். இரண்டாம் முறை படித்தபோது பல காட்சிகள் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன. குறிப்பாக, லாக் என்ற அழகன் ஜூடிடம் காதல் பேசும் இடங்கள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஆனாலும் அத்தனையும் ஏமாற்று.

ஜூடுக்கு இயல்பாகவே கிடைத்த வசதி பொய் மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் அவள் உடம்பை வருத்திச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. ஃபேரிகளின் வசியத்தில் விழாமல் இருக்க உப்பும் ரோவன் மரத்துப் பழமும் வேண்டும், காலுறையைப் புறம் திருப்பிப் போட வேண்டும். இவை நிஜமான நாட்டார் நம்பிக்கைகள்; ஆசிரியர் இட்டுக்கட்டியவை அல்ல. அடுத்த மாமன்னனாக முடிசூடவிருக்கும் இளவரசன் டெயினுக்கு ஒற்றுவேலை பார்க்கச் சம்மதித்த பிறகு, அவன் தவிர யாரும் அவளை வசியம் செய்ய முடியாதபடி வரம் கிடைக்கிறது. ஆனால் நஞ்சுக்கும் மனிதரை மயக்கும் ஃபேரிப் பழத்துக்கும் அந்த வரம் செல்லாது. அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சைத் தின்று உடம்பைப் பழக்குகிறாள். வாந்தி, நடுக்கம், தூக்கமில்லாத இரவு எல்லாவற்றையும் யாருக்கும் தெரியாமல் பொறுத்துக்கொள்கிறாள். மந்திரசக்தி பெற்ற நாயகிகள் மலிந்த வகையில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வெறும் பிடிவாதத்தால் தன்னை ஆயுதமாக்கிக்கொள்வதைப் படிக்கும்போது பெருமையும் கவலையும் சேர்ந்தே வருகின்றன.

நாவலில் என்னைக் கலங்கடித்த அத்தியாயம் சோஃபியுடையது. டெயினின் அண்ணன், கொடியவன் பேலகினின் மாளிகையில் ஜூட் வேலைக்காரி வேடத்தில் உளவு பார்க்கப் போகிறாள். அங்கே வேலை செய்பவர்கள் மனிதர்கள். வசியத்தில் இருப்பதால் தாங்கள் அடிமைகள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருத்தியான சோஃபியை ஜூட் துணிந்து வெளியே கொண்டுவருகிறாள், வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடும் செய்கிறாள். வசியம் கலைந்ததும் சோஃபி தன் கண்ணால் பார்க்கும் உலகத்தைத் தாங்க முடியவில்லை. சட்டைப் பையில் கற்களை நிரப்பிக்கொள்கிறாள். கடலுக்கு மேலே பறந்துபோகும்போது குதித்துவிடுகிறாள். ஜூட் செய்த ஒரே தன்னலமற்ற காரியம் இப்படி முடிகிறது. என் மனக்குறையும் இங்கேதான். இவ்வளவு பெரிய காயத்தைத் திறந்துவிட்டு நாவல் அரண்மனைச் சதிக்குத் திரும்பிவிடுகிறது. மற்ற அடிமைகள் என்ன ஆனார்கள் என்பது முதல் பாகத்தில் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. ஜூட் அதிகாரத்தை விரும்புகிறாள் சரி, அந்த அதிகாரம் கையில் வந்தால் இவர்களுக்கு என்ன செய்வாள் என்று ஒரு நிமிடமாவது அவளை யோசிக்க வைத்திருக்கலாம்.

மேடாக் ஒரு ரெட்கேப். இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் பாழடைந்த கோட்டைகளில் வாழ்வதாகச் சொல்லப்படும் கொலைகாரப் பிறவி அது. கொன்றவர்களின் ரத்தத்தில் தன் தொப்பியை நனைத்துச் சிவப்பாக வைத்துக்கொள்ளும். ஹெர்மிடேஜ் கோட்டையின் சோல்ஸ் பிரபுவுக்கு அப்படி ஒரு ரெட்கேப் துணை இருந்ததாக எல்லைப்புறக் கதைகள் சொல்கின்றன. நாட்டார் கதையில் அதற்கு மனம் என்று ஒன்று கிடையாது. பிளாக் அதை எடுத்து ஒரு அப்பாவாக்கியிருக்கிறார், இந்த நாவலில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான் என்பேன். மேடாக் பிள்ளைகளை அடிப்பதில்லை. போர்த் தந்திரம் சொல்லித்தருகிறான், ஜூடின் வாள்வீச்சில் பெருமைப்படுகிறான், நிஜமாகவே பாசம் வைத்திருக்கிறான். ரத்தம் காய்ந்த தொப்பியும் பத்திரமாக வைத்திருக்கிறான். முடிசூட்டு விழாவில் அவன் டெயினைக் கொல்லும் காட்சியில் நமக்கு அதிர்ச்சி வருவதற்குக் காரணம், முதல் அத்தியாயத்தில் இவன் யாரென்று பார்த்திருந்தும் நடுவில் நாமும் ஜூடைப்போலவே அதை மறக்கத் தொடங்கியிருப்பதுதான். கடைசியில் அவள் அவனுக்கு மதுவில் நஞ்சு கொடுக்கிறாள், இரண்டு கோப்பையிலும். பழகிய உடம்பு என்பதால் அவள் தாங்குவாள், அவன் தாங்கமாட்டான். அவன் கற்றுக்கொடுத்த பொறுமையையும் கணக்கையும் வைத்தே அவனை வீழ்த்துகிறாள்.

தலைப்பில் வரும் அந்தக் கொடூர இளவரசன், கார்டான்? அவன் மீதான விமர்சனம் நியாயமானது. நண்பர்களோடு சேர்ந்து ஜூடையும் டேரினையும் நிக்ஸிகள் என்ற ஆபத்தான நீர்வாழ் பிறவிகள் வாழும் ஆற்றில் தள்ளுகிறான். ஜூடை விட்டுக்கொடுத்தால் கரையேற்றுவதாக டேரினிடம் பேரம் பேசுகிறான். வன்முறை செய்பவனைக் காதலனாக்கி இளம் பெண்களுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. பின்னால் அவன் தன் அண்ணன் பேலகினிடம் அடிபடும் காட்சி வருகிறது. வேலைக்கார மனிதன் ஒருவனை வைத்தே பேலகின் அவனை அடிக்க வைக்கிறான். இதைப் பார்க்கும் ஜூட் இரக்கப்பட்டு உருகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடிபட்டவன் என்பதால் அடித்தது சரியாகிவிடாது என்பதில் முதல் பாகம் உறுதியாகவே நிற்கிறது. கார்டான் தன் மனதைத் திறப்பதும் நாற்காலியில் கட்டிப்போட்ட நிலையில்தான். அவனால் பொய் சொல்ல முடியாது, அவளால் முடியும். இந்த ஏற்றத்தாழ்வு, அதுவரை இருந்த எல்லா ஏற்றத்தாழ்வையும் தலைகீழாக்கிவிடுகிறது.

அந்தக் கடைசித் திருப்பத்தைச் சொல்லாமல் முடியாது. மாமன்னனின் மகுடத்தை அரச ரத்தம் உள்ள ஒருவர்தான் அதே ரத்தம் உள்ள இன்னொருவருக்குச் சூட்ட முடியும். மேடாக் வீட்டில் வளரும் சின்னப் பையன் ஓக், உண்மையில் டெயினின் மகன். ஓக்கைப் பொம்மை மன்னனாக்கி நாட்டைத் தானே ஆள மேடாக் நினைக்கிறான். அதைத் தடுக்க உதவ வேண்டும் என்று கேட்டு, ஒரு வருடமும் ஒரு நாளும் தன் சொல்படி நடக்கக் கார்டானிடம் வாக்கு வாங்குகிறாள் ஜூட். மகுடம் ஓக் தலைக்குப் போகப்போகிறது என்று அவன் நம்பிக்கொண்டிருக்கும்போது, அவனையே மண்டியிடச் சொல்லி, ஓக் கையால் அவனுக்குச் சூட்டவைக்கிறாள். பொய் சொல்ல முடியாத ஒருவன் கொடுத்த வாக்கும் பொய் சொல்லத் தெரிந்த ஒருத்தியின் மௌனமும் சேர்ந்து ஒரு நாட்டைக் கைப்பற்றிவிடுகின்றன. தந்திரக் கதைகளில் இவ்வளவு கச்சிதமாக விதிகளுக்குள்ளேயே முடியும் முடிவை அதிகம் படித்ததில்லை.

டேரின் மேல் வாசகர்களுக்கு இருக்கும் கோபம் அளவுக்கு மீறியது என்று நினைக்கிறேன். அவள் செய்தது துரோகம்தான். தன்னை மணக்கவிருந்த லாக், ஜூடோடு காதல் நாடகம் ஆடுவதைத் தெரிந்தும், அதைத் தன் காதலுக்கு வந்த ஒரு சோதனையாக ஏற்று, வாய் மூடி இருந்தாள். ஆனால் அவளும் அதே கூடத்தில் அதே மதியத்தில் பெற்றோரை இழந்தவள். எதிர்த்துப் பிழைக்கலாம் என்று ஒருத்தி முடிவெடுத்தாள், அனுசரித்துப் பிழைக்கலாம் என்று இன்னொருத்தி முடிவெடுத்தாள். 2018-இலேயே 'தி லாஸ்ட் சிஸ்டர்ஸ்' என்ற குறுநாவலில் டேரின் தன் தரப்பைச் சொல்கிறாள். முதல் பாகத்தை முடித்தவுடன் அதைப் படிப்பது நல்லது.

தொடரின் அடுத்த இரண்டு பாகங்களும் 2019-இல் வந்தன. மூன்றாம் பாகமான 'தி க்வீன் ஆஃப் நத்திங்' அவசரமாக ஓடுகிறது, பல முடிச்சுகள் லேசாக அவிழ்ந்துவிடுகின்றன. ஆனால் அதில் வரும் ஒரு தேர்வுக்காகவே தொடரை முழுதாகப் படிக்கச் சொல்வேன். 'டாம் லின்' என்ற பழைய ஸ்காட்டியக் கதைப்பாடலில், ஃபேரிகள் ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குக் கட்டும் காணிக்கையிலிருந்து காதலனை மீட்க ஜேனட் அவனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவன் பாம்பாகிறான், கொடிய மிருகமாகிறான், அவள் விடுவதில்லை. அந்தக் காணிக்கையின் பெயரைத்தான் பிளாக் 2002-இல் வந்த தன் முதல் நாவலான 'டைத்'துக்கு வைத்தார். மூன்றாம் பாகத்தில் கார்டான் பெரும்பாம்பாக மாறுகிறான். அவனை என்றென்றைக்கும் அடக்கி வைத்திருக்க ஒரு கடிவாளம் ஜூட் கைக்கு வருகிறது. முதல் பாகத்தில் வாக்கு என்ற கயிற்றால் அவனைக் கட்டிய அதே ஜூட், இந்த முறை கடிவாளத்தைப் போட மறுத்து வாளை எடுக்கிறாள். ஜேனட் பிடியை விடாததால் காதலனை மீட்டாள். ஜூட் பிடியை விடச் சம்மதித்ததால்தான் மீட்கிறாள்.